இக்னிஷன் டைமிங்: வேகத்துக்காகக் கட்டிய இன்ஜினில் எத்தனை டிகிரி, எப்படி வைப்பது?

இக்னிஷன் டைமிங் என்பது பிளக்கில் தீப்பொறி விழும் தருணம். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றிய, கம்ப்ரஷன் கூட்டிய, கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் (ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பகிரும் கருவி) உள்ள இன்ஜின்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கணினியால் இயங்கும் இன்ஜின்களுக்கும் டர்போ உள்ளவற்றுக்கும் பின்பகுதியில் தனிக் கேள்விகள் உண்டு. டிகிரி என்று வரும் இடமெல்லாம், வேறு விதமாகச் சொல்லாதவரை, கிராங்க் தண்டின் டிகிரிதான்.

பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே தீப்பொறி எதற்கு?

எரிபொருள் கலவை ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை. பிளக்கின் முனையில் பிடித்த தீ, அறையின் மறுகோடிவரை பரவ நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கிராங்க் சும்மா நிற்பதில்லை. 1000 ஆர்பிஎம்மில் ஒரு மில்லிசெகண்டுக்கு 6 டிகிரி சுற்றுகிறது. 6000 ஆர்பிஎம்மில் 36 டிகிரி. அழுத்தம் உச்சத்தைத் தொட வேண்டிய இடம், பிஸ்டன் டிடிசி என்னும் மேல் உச்சப் புள்ளியைத் தாண்டி ஏறத்தாழ 14 முதல் 16 டிகிரி இறங்கியிருக்கும் தருணம். அப்போதுதான் கனெக்டிங் ராடு கிராங்க்கை நல்ல கோணத்தில் தள்ளும். அந்த இடத்தில் அழுத்தம் தயாராக இருக்க வேண்டுமென்றால் தீயை முன்கூட்டியே மூட்டியாக வேண்டும்.

இப்படி முன்கூட்டி மூட்டும் அளவுதான் அட்வான்ஸ். அப்படியானால் வேகம் கூடக் கூட அட்வான்ஸும் கூடிக்கொண்டே போக வேண்டாமா என்று கேட்கத் தோன்றும். வேண்டியதில்லை. வேகம் கூடும்போது சிலிண்டருக்குள் காற்றின் கொந்தளிப்பும் கூடுகிறது; தீயும் விரைந்து பரவுகிறது. அதனால்தான் பெரும்பாலான இன்ஜின்களில் 3000 ஆர்பிஎம் வாக்கில் அட்வான்ஸ் முழுமையாகிவிடுகிறது. அதன்பின் நிலையாக நிற்கிறது.

ஒரு காலத்தில் இந்த வேலை முழுவதும் ஓட்டுநரின் கையில் இருந்தது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டியரிங்கின் இடப்பக்க நெம்புகோல் டைமிங்குக்கு உரியது. அதனால் டைமிங்கைத் தாமதப்படுத்தாமல் கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்தவர்களின் மணிக்கட்டை, எதிர்த்திசையில் உதைத்த இன்ஜின் முறித்திருக்கிறது.

இனிஷியல், மெக்கானிக்கல், வேக்யூம், டோட்டல்: எது எதைக் குறிக்கிறது?

டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்பி நீங்கள் வைப்பது இனிஷியல். வேகம் கூடும்போது உள்ளே உள்ள எடைகள் ஸ்பிரிங்கை இழுத்துக்கொண்டு விரிந்து தருவது மெக்கானிக்கல் அட்வான்ஸ். இந்த இரண்டின் கூட்டுத்தொகைதான் டோட்டல். இன்டேக் பக்கத்து வெற்றிடத்தின் இழுப்பால் வரும் வேக்யூம் அட்வான்ஸ் தனிக்கணக்கு. லேசான மிதியில் மட்டும் சேரும், டோட்டலில் அதைச் சேர்ப்பதில்லை. இனிஷியல் 14, மெக்கானிக்கல் 20 என்றால் டோட்டல் 34.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர், கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே உள்ளே உள்ள தகட்டில் 11 என்று பொறித்திருந்தால் அது கிராங்க்கில் 22 டிகிரி.

என் இன்ஜினுக்கு எத்தனை டிகிரி?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் முதலில் சொல்லத் தயங்குவதும் இதைத்தான். எண்ணைத் தீர்மானிப்பது எரியும் அறையின் வடிவம். பிளக் ஓரமாக இருக்கும் பழைய இரண்டு வால்வு ஹெட்டில் தீ நெடுந்தூரம் போக வேண்டும். பழைய ஸ்மால் பிளாக் செவ்ரலே போன்ற இன்ஜின்களுக்கு டோட்டல் 34 முதல் 36 வரை என்பது நன்கு பழகிய தொடக்கப்புள்ளி. அதே பிளாக்கில் புதிய வகை அலுமினிய ஹெட்டைப் பொருத்தினால் 32 போதுமானதாகிவிடலாம். பிளக் நடுவில் அமைந்த நான்கு வால்வு ஹெட்டுகள் பெரும்பாலும் 30-ஐத் தொடுவதே இல்லை.

குறைந்த டிகிரியில் உச்சபட்ச சக்தியைத் தருவது ஹெட்டின் பலவீனம் அல்ல, அதன் சிறப்பு. தீ சீக்கிரம் பரவுகிறது. பிஸ்டன் மேலே வரும்போது அதை எதிர்த்துத் தள்ளும் வீண்வேலை குறைகிறது. “என் காரில் 38 வைத்திருக்கிறேன்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அவருடைய அறை மெதுவாக எரிகிறது என்பதைத் தவிர வேறெதுவும் அதிலிருந்து தெரிவதில்லை. டைமிங் என்பது போட்டுக்கொண்டே போகும் சக்தியன்று. இன்ஜின் கேட்கும் அளவு ஒன்று இருக்கிறது. அதற்கு மேல் தரும் ஒவ்வொரு டிகிரியும் வெப்பமாகவும் நாக்கிங்காகவும் (கலவை தானாகப் பற்றி இன்ஜின் தட்டும் கோளாறு) திரும்பி வரும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

பூஜ்யம் உண்மையில் பூஜ்யமா என்பதை. கிராங்க் முனையில் உள்ள டாம்பர் இரண்டு பகுதிகளால் ஆனது: உள்ளே குடம், வெளியே வளையம், நடுவில் ரப்பர். ரப்பர் முதுமையடைந்தால் வெளிவளையம் நகர்ந்துவிடும். அதில் உள்ள குறியும் கூடவே நகரும். அந்தக் குறியை நம்பி வைத்த 34 டிகிரி உண்மையில் 28 ஆகவோ 42 ஆகவோ இருக்கலாம். டைமிங் கவரும் டாம்பரும் வெவ்வேறு இன்ஜின்களிலிருந்து வந்தவையாக இருந்தாலும் இதே கதிதான்.

சரிபார்க்கும் வழி எளிது. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எல்லா பிளக்குகளையும் எடுங்கள். முதல் சிலிண்டரின் பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் திருகை) திருகுங்கள். கிராங்க்கை ஸ்பானரால் மெதுவாகச் சுற்றி, பிஸ்டன் ஸ்டாப்பில் முட்டியதும் டைமிங் கவரில் உள்ள முள்ளுக்கு நேரே டாம்பரில் ஒரு கோடு போடுங்கள். எதிர்த்திசையில் சுற்றி மறுபடி முட்டும்போது இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் சரிபாதியில் இருப்பதுதான் உண்மையான டிடிசி. ஸ்டார்ட்டர் மோட்டாரால் ஒருபோதும் சுற்ற வேண்டாம். பிஸ்டனில் துளை விழும்.

பாயிண்ட் (திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் தொடர்பு முனை) உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் முதலில் பாயிண்ட் இடைவெளியை வையுங்கள், பிறகு டைமிங். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங்கும் முன்னேறிவிடும். வரிசையை மாற்றிச் செய்தால் இரண்டு முறை வேலை.

டாம்பரில் பூஜ்யம் மட்டும்தான் இருக்கிறது. 34 எங்கே என்று எப்படித் தெரியும்?

டாம்பரின் விட்டத்தை அளந்து 3.1416-ஆல் பெருக்கி 360-ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று கிடைக்கும். 8 அங்குல டாம்பருக்கு ஒரு டிகிரி ஏறத்தாழ 1.77 மில்லிமீட்டர், ஆகவே 34 டிகிரி என்பது சுற்றளவில் 60 மில்லிமீட்டர். வளையும் அளவுநாடாவை டாம்பரின் மேல் படியவைத்துப் பூஜ்யத்திலிருந்து அளந்து கோடு போடுங்கள். எந்தப் பக்கம் அளப்பது? டாம்பரில் உள்ள பூஜ்யக் கோடு முள்ளைத் தொடும் முன்பு புதிய கோடு முள்ளைக் கடந்திருக்க வேண்டும். இன்ஜின் சுற்றும் திசையில் கையால் நகர்த்திப் பார்த்தாலே தெளிவாகிவிடும். விட்டத்துக்கேற்ப அச்சடித்த டைமிங் டேப்பும் விற்பனையில் உண்டு. ஒட்டும் முன் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காவிட்டால் முதல் ஓட்டத்திலேயே பறந்துவிடும்.

இனிஷியலை வைத்து விடுவதா, டோட்டலை வைப்பதா?

வேக இன்ஜினில் டோட்டலைத்தான் வைக்க வேண்டும். சேதம் நேரும் இடம் முழு மிதி. அங்கே ஆட்சி செய்வது டோட்டல். இனிஷியலை மட்டும் பார்த்து வைத்தால், உள்ளே எடைகள் எத்தனை டிகிரி சேர்க்கின்றன என்பது ஊகமாகவே நின்றுவிடும்.

இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். வேக்யூம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடையுங்கள். தீப்பொறி விழும் ஒவ்வொரு முறையும் மின்னும் டைமிங் லைட்டின் கவ்வியை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிப்பு போல்ட்டை, கையால் திருப்பினால் நகரும் அளவுக்கு, ஆனால் தானாக நகராத அளவுக்குத் தளர்த்துங்கள். ஒருவர் ஆக்சிலரேட்டரை மெதுவாகக் கூட்ட, நீங்கள் குறியைப் பாருங்கள். வேகம் கூடக் கூடக் குறி நகர்ந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் வேகம் கூட்டினாலும் அசையாது. அந்த வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேதான் அட்வான்ஸ் முழுமையாகிறது. அந்த வேகத்தில் வைத்தபடி டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, நீங்கள் தேர்ந்த எண்ணுக்குக் குறியைக் கொண்டுவாருங்கள். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ் கூடும். அதே திசையில் திருப்பினால் குறையும். போல்ட்டை இறுக்குங்கள். இறுக்கிய பின் மறுபடி பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போதே ஓரிரு டிகிரி நகர்வது சகஜம்.

இதெல்லாம் முடிந்தபின் ஐடிலுக்கு (மிதிக்காமல் ஓடும் வேகத்துக்கு) இறக்கி, இனிஷியல் எவ்வளவு வந்திருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டைமிங் லைட்டின் விட்டுவிட்டு மின்னும் ஒளியில், சுழலும் விசிறி நின்றுவிட்டதுபோலத் தெரியும். கை நீட்டிவிடாதீர்கள். தொங்கும் துணி, மாலை, லைட்டின் ஒயர் எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது.

டயல் உள்ள டைமிங் லைட் காட்டும் எண்ணை நம்பலாமா?

சாதாரண இக்னிஷனில் நம்பலாம். குறைந்த வேகத்தில் ஒரே சுற்றில் பலமுறை தீப்பொறி தரும் இக்னிஷன் பெட்டிகளோடு சில டயல் லைட்டுகள் குழம்பிப்போகும். ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்குத் தீப்பொறி தரும் அமைப்பிலோ, அதற்கான தெரிவு லைட்டில் இல்லாவிட்டால், இரண்டு மடங்கு காட்டும். சந்தேகம் வந்தால் டயலைப் பூஜ்யத்தில் வைத்து, டாம்பரில் நீங்கள் அளந்து போட்ட கோட்டைப் பாருங்கள். கோடு பொய் சொல்லாது.

பெரிய கேம் போட்டபின் ஐடில் நிற்கவில்லை. டைமிங் காரணமாக இருக்குமா?

பெரும்பாலும் ஆம். பெரிய கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீள்கிறது. ஐடிலில் எரிந்த புகை பின்வாங்கிப் புதிய கலவையோடு கலக்கிறது. அப்படிக் கலந்தது மெதுவாக எரியும். ஆகவே தீயை இன்னும் முன்பாக மூட்ட வேண்டும். சாதாரண இன்ஜினுக்கு 6 முதல் 10 வரை போதுமானதாக இருந்த இனிஷியல், பெரிய கேமுக்கு 16, 18 என்று போகும்.

இங்கேதான் சிக்கல். இனிஷியலை 18-க்கு ஏற்றினால், மெக்கானிக்கல் 24 தரும் டிஸ்ட்ரிபியூட்டரில் டோட்டல் 42 ஆகிவிடும். ஆகவே மெக்கானிக்கலைக் குறுக்க வேண்டும். எடைகளின் ஓட்டத்தைத் தடுக்கும் புஷ்ஷைப் பெரிதாக மாற்றியோ, துளையின் நீளத்தைக் குறைத்தோ 16 டிகிரிக்குக் கொண்டுவந்தால் கணக்கு 34-இல் முடிகிறது. ஐடில் நேராகும்; மிதித்தவுடன் தயங்கும் பழக்கமும் போகும். கார்புரேட்டரைக் குற்றம் சொல்லி ஜெட் மேல் ஜெட்டாக மாற்றிக்கொண்டிருப்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது இந்தச் சிறு புஷ்தான். இனிஷியல் குறைவாக இருக்கும்போது ஐடிலைத் தாங்க த்ராட்டில் தகடுகளை அதிகம் திறந்து வைக்க வேண்டியிருக்கும்; அதனால் ஐடில் சுற்றைவிட்டு மற்ற துளைகளிலிருந்து பெட்ரோல் இழுபடும்; மிக்சர் ஸ்குரூவைத் திருகினாலும் எதுவும் மாறாது. பழி கார்புரேட்டர் மேல் விழுகிறது.

இலகு ஸ்பிரிங் போட்டால் நல்லதா?

ஓரளவுக்கு. இலகுவான ஸ்பிரிங் அட்வான்ஸைச் சீக்கிரம் கொண்டுவரும். 2500 முதல் 3000 ஆர்பிஎம்முக்குள் முழுமையாவது பெரும்பாலான சாலைக் கார்களுக்குப் பொருந்தும். மிகவும் இலகுவாக்கினால் ஐடிலிலேயே எடைகள் விரியத் தொடங்கும். கியர் போட்டதும் வேகம் குறைந்து, அட்வான்ஸ் விழுந்து, மேலும் வேகம் குறைந்து இன்ஜின் நின்றுவிடும். காரின் எடை அதிகம், கியர் விகிதம் உயரம் என்றால் சற்றுக் கனமான ஸ்பிரிங்கே நல்லது.

வேகத்துக்கான காரில் வேக்யூம் அட்வான்ஸைக் கழற்றிவிடலாமா?

டிராக்கில் மட்டும் ஓடும் காரில் கழற்றலாம். அங்கே அரை மிதி என்பதே அபூர்வம். சாலையில் ஓட்டினால் வைத்துக்கொள்ளுங்கள். சீரான வேகத்தில் லேசாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை மெலிந்தும் அடர்த்தி குறைந்தும் இருக்கும், மெதுவாக எரியும். அப்போது 45 டிகிரிக்கு மேலும் தாங்கும், கேட்கவும் செய்யும். முழுதாக மிதித்த மறுகணம் வேக்யூம் விழுந்துவிடும், கூடுதல் டிகிரியும் மறைந்துவிடும். ஆகவே முழு மிதியில் நாக்கிங் வருவதற்கு இதைக் காரணம் காட்டுவது தவறு.

பெரிய கேமால் ஐடில் வேக்யூம் குறைவாக இருந்தால், வேக்யூம் அட்வான்ஸ் டப்பா முழுதாக இழுக்கும் அளவு உங்கள் ஐடில் வேக்யூமைவிடக் குறைந்தது 2 அங்குலப் பாதரசம் கீழே இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் டப்பா இழுத்தும் விட்டும் ஆடும், ஐடிலும் சேர்ந்து ஆடும்.

நாக்கிங் காதில் கேட்கவில்லை. அப்படியென்றால் பாதுகாப்புதானே?

இல்லை. திறந்த எக்ஸாஸ்ட்டின் இரைச்சலில் நாக்கிங் காதுக்கு எட்டாது. பிஸ்டன் உடைந்தபின்தான் தெரியவரும். என்ன நடக்கிறது என்றால், தீ இன்னும் வந்து சேராத கோடியில் உள்ள கலவை, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே ஒட்டுமொத்தமாகப் பற்றுகிறது. அந்த அதிர்வலை பிஸ்டனின் மேல் ஒட்டியிருக்கும் குளிர்ந்த வாயுப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. உலோகம் நேரடியாகச் சூட்டை வாங்குகிறது. ரிங் உட்காரும் வரம்புகள் உடைவது இதனால்தான்.

பிளக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். முழு மிதியில் ஓட்டி, அப்படியே இன்ஜினை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி உருப்பெருக்கியில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போன்ற கரும்புள்ளிகளோ மினுமினுக்கும் அலுமினியத் துகள்களோ தென்பட்டால் உடனே 3 அல்லது 4 டிகிரி குறையுங்கள். பக்கவாட்டுக் கம்பியில் சூட்டால் நிறம் மாறிய எல்லை எங்கே நிற்கிறது என்பதும் ஒரு தடயம். வளைவின் அருகில் என்றால் சரி. மரைப் பகுதியை நோக்கி இறங்கியிருந்தால் டைமிங் அதிகம். நுனியிலேயே நின்றிருந்தால் குறைவு. பிளக்கின் வெப்ப எண்ணும் எரிபொருளும் இதைப் பாதிக்கும் என்பதால் இதை மட்டுமே நம்பித் தீர்ப்பெழுத வேண்டாம்.

அப்படியானால் நன்றாகக் குறைத்து வைத்துவிட்டால் போதாதா?

ஓரிரு டிகிரி குறைவாக வைப்பது விவேகம். பத்து டிகிரி குறைத்தால் கலவை தாமதமாக எரிந்து, எரிந்துகொண்டே எக்ஸாஸ்ட் வால்வைத் தாண்டும். எக்ஸாஸ்ட் குழாய் சிவக்கும், ரேடியேட்டர் திணறும், வால்வு வெந்துபோகும். காரணமின்றிச் சூடேறும் இன்ஜினில் தெர்மோஸ்டாட்டை மாற்றும் முன் டைமிங்கைப் பாருங்கள்.

டர்போ, சூப்பர்சார்ஜர் உள்ள இன்ஜினில்?

அடர்ந்த கலவை வேகமாக எரியும், எளிதில் நாக் ஆகும். ஒவ்வொரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கும் (காற்றைத் திணிக்கும் கூடுதல் அழுத்தம்) ஒரு டிகிரி குறைப்பது பழைய தொடக்கக் கணக்கு. பூஸ்ட் இல்லாமல் 32 கேட்ட இன்ஜின், 8 பிஎஸ்ஐயில் 24-இலிருந்து தொடங்கலாம். இன்டர்கூலர் நன்றாக வேலை செய்தால் சற்று ஏற்ற இடம் கிடைக்கும். டைமிங்கைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம் என்ற ஆசைக்கு இங்கே விலை அதிகம். காதுக்கு எட்டாத ஒரே ஒரு நீண்ட மிதிப்பு போதும்.

ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டால் சக்தி கூடுமா?

தானாகக் கூடாது. ஆக்டேன் என்பது நாக்கிங்கைத் தாங்கும் திறன். எரிசக்தியின் அளவு அல்ல. நாக்கிங்கால் டைமிங்கைப் பின்வாங்கி வைத்திருந்த இன்ஜினுக்கு அந்த டிகிரிகளைத் திருப்பித் தரலாம், அவ்வளவே. ஏற்கெனவே உச்சச் சக்தி தரும் டைமிங்கில் ஓடும் இன்ஜினுக்கு விலையுயர்ந்த பெட்ரோல் எதுவும் செய்யாது.

கணினியால் இயங்கும் இன்ஜினில் டைமிங் லைட் தேவையா?

கட்டாயம் தேவை. திரையில் தெரிவது கணினி நினைத்துக்கொண்டிருக்கும் எண். கிராங்க்கில் நடப்பது வேறாக இருக்கலாம். மென்பொருளில் டைமிங்கை 10 அல்லது 15 டிகிரியில் பூட்டிவிட்டு, லைட்டில் பாருங்கள். இரண்டும் பொருந்தும்வரை மென்பொருளில் ட்ரிக்கர் கோணத்தை (சென்சாரின் குறிக்கும் டிடிசிக்கும் இடையே உள்ள கோணம்) திருத்துங்கள். பிறகு 4000 ஆர்பிஎம்வரை ஏற்றிப் பாருங்கள். பூட்டிய எண் அப்போதும் அசையக் கூடாது. வேகத்தோடு நகர்ந்தால், கிராங்க்கின் நிலையை உணரும் காந்த வகை சென்சாரின் இரண்டு ஒயர்களும் தலைகீழாக இணைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இதைச் செய்யாமல் கணினியில் உள்ள டைமிங் அட்டவணையைத் திருத்துவதில் எந்தப் பொருளும் இல்லை. வேலை முடிந்ததும் பூட்டை எடுக்க மறக்க வேண்டாம்.

சரியான எண்ணை இறுதியாக எப்படி முடிவு செய்வது?

டைனோ (இன்ஜினின் சக்தியை அளக்கும் கருவி) கிடைத்தால் வேலை எளிது. எதிர்பார்க்கும் எண்ணைவிட நான்கைந்து டிகிரி கீழே தொடங்கி, ஒவ்வொரு முறையும் 2 டிகிரி கூட்டி, முறுக்குவிசையைப் பாருங்கள். முதலில் நன்றாக ஏறும், பிறகு ஏற்றம் சுருங்கும், பிறகு தட்டையாகிவிடும். தட்டையான இடத்தில் 32-உம் 34-உம் 36-உம் ஒரே சக்தியைத் தந்தால், 32-ஐ வையுங்கள். வெயில் ஏறிய நாளுக்கும் மட்டமான பெட்ரோலுக்கும் அந்த இடைவெளி வேண்டும். டைனோ இல்லாவிட்டால், மூடிய டிராக்கில் ஒரே கியரில் ஒரே தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்று அளந்து இதையே செய்யலாம். முதுகு சீட்டில் அழுந்துவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

லைட்டில் பார்க்கும்போது குறி நிலையாக நிற்காமல் ஆடுகிறது. ஏன்?

ஓரிரு டிகிரி நடுங்குவது இயல்பு. அதற்கு மேல் என்றால் டைமிங் செயின் தொய்ந்திருக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டரின் புஷ்ஷோ கியரோ தேய்ந்திருக்கலாம். கிராங்க்கை முன்னும் பின்னும் கையால் அசைத்து, ரோட்டர் எத்தனை டிகிரி தாமதித்து நகர்கிறது என்று பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஆடும் குறியில் டைமிங் வைக்க முடியாது.

எப்போதெல்லாம் மறுபடி பார்க்க வேண்டும்?

பாயிண்ட் உள்ளவற்றில் ஒவ்வொரு முறை இடைவெளியைத் தொடும்போதும். எலெக்ட்ரானிக் இக்னிஷனில் அவ்வளவு அடிக்கடி வேண்டாம். ஹெட், கேம், கார்புரேட்டர், பெட்ரோல் வகை, பூஸ்ட் இவற்றில் ஏதேனும் மாறினால், பழைய எண் செல்லாது. கீழிருந்து மறுபடி தொடங்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்திருந்தால், முதல் சிலிண்டர் கம்ப்ரஷன் ஓட்டத்தின் டிடிசியில் இருக்கும்போதுதான் அதை இறக்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஓட்டத்தின் டிடிசியில் இறக்கினால் தீப்பொறி 360 டிகிரி தள்ளி விழும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் கார்புரேட்டர் வழியே தீயைத் துப்பும். கம்ப்ரஷனா எக்ஸாஸ்ட்டா என்று தெரிய, பிளக் துளையை விரலால் மூடிக்கொண்டு கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன்.